லாட்ஜின் பின் ஜன்னல்

செஞ்சிக்கோட்டையைப் பற்றி யாராவது கேட்டால் லாட்ஜைப் பற்றித்தான் என்னால் சொல்ல முடியும். கல்யாணமான புதிதிலிருந்து வருஷா வருஷம் காணும் பொங்கலுக்குப் போனோம். சிதம்பரத்தில் கிளம்பி, கடலூர், விழுப்புரம் என்று பஸ் மாறிப் போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும் என்பதால், முதல் நாளே போய் ரூம் எடுப்போம். மலை இறங்கினால் கால் பிடித்துக்கொள்ளும். அன்றைக்கும் அங்கேயேதான் தூக்கம்.

ஏறினது என் வீட்டுக்காரரும் அவருடைய சிநேகிதர்களும். "உனக்கு எதுக்கு வெயில்ல கஷ்டம்? ரூம்ல இருந்து பையெல்லாம் பாத்துக்கோ" என்பார். மகள் பிறந்தபின் அவள் எனக்குத் துணையாக இருந்தாள். கொஞ்சம் வளர்ந்ததும் அவளும் அப்பாவோடு ஏறப் போய்விட்டாள். நான் பின் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ராஜகிரி மலையைப் பார்த்தபடி நிற்பேன். சாயங்காலம் வந்து, உச்சிக்குக் கீழே பாறைப் பிளவின் மேல் ஒரு பாலம், அதில் கால் வைக்கவே பயம் என்று கதை கதையாகச் சொல்வார்கள். நான் தைலம் தேய்த்துவிடுவேன். "அடுத்த வருஷம் நானும் வரட்டுமா?" என்று ஒரு தடவை கேட்டேன். "வரலாம், வரலாம்" என்றார். அதோடு சரி.

போன வருஷம் அவருக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. கட்டிலோடு கிடக்கிறார். பேச்சு குழறுகிறது, பழசெல்லாம் ஒன்றோடு ஒன்று கலந்துபோய்விட்டது. பார்க்க வருகிறவர்களிடம், "அந்தப் பாலத்துல இவ வரமாட்டேன்னு அழுதா, நான்தான் கையப் புடிச்சிக் கூட்டிட்டுப் போனேன்" என்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "விடும்மா, அவருக்கு அது சந்தோஷமா இருக்கு" என்றாள் மகள். எனக்கு இல்லையே!

என் முழங்கால் இன்னும் முழுசாகப் போகவில்லை. அவர் இருக்கும்போதே ஒரு தடவை அந்தப் பாலத்தில் நடந்துவிட வேண்டும் என்று பிடிவாதம் வந்தது. அவர் சொல்வதில் பாதியாவது உண்மையாகட்டும். கடலூரிலிருந்து மகளை வரவழைத்து அவர் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுக் கிளம்பினேன்.

செஞ்சி போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. அதே லாட்ஜ். புதுசாக டைல்ஸ் போட்டிருந்தார்கள். கவுன்ட்டரில் இருந்தவர் என் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"கூட யாரும்மா?"

"யாரும் இல்ல. நான் மட்டும்தான்."

"தனியா வர்றவங்களுக்கு ரூம் குடுக்கறதில்லம்மா. ஓனர் கண்டிப்பா சொல்லியிருக்காரு."

ஏன் என்று கேட்டதற்கு ரிஜிஸ்டரை மூடி வைத்தார். "முன்ன ஒருத்தவங்க இப்படித்தான் தனியா வந்தாங்க. காலையில கதவ ஒடைக்க வேண்டியதாப் போச்சு."

"நான் சாகறதுக்கு வரலப்பா. மலை ஏறறதுக்கு வந்திருக்கேன்."

"எல்லாரும் ஏதாவது ஒண்ணு சொல்லிட்டுதாம்மா வர்றாங்க."

அடுத்த லாட்ஜிலும் அதே பதில். அவர்கள் பயத்தில் தப்பில்லை. ஆனாலும் ஆத்திரம் தாங்கவில்லை. அத்தனை வருஷம் அந்த ரூமில் பகல் முழுக்கத் தனியாகத்தானே இருந்தேன்? உள்ளே நான் என்ன நினைத்துக்கொண்டு கிடந்தேன் என்று ஒருத்தரும் கவலைப்படவில்லையே! கோட்டையில் கதவடைக்கும் நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. தங்க இடமில்லாமல் விடியும்வரை எங்கே உட்கார்ந்திருப்பது? கிடைத்த பஸ்ஸில் ஏறி, கடலூர் முதுநகரில் அண்ணன் வீட்டில் படுத்துவிட்டு, காலையில் சிதம்பரம் வந்து சேர்ந்தேன்.

"ஏறினியா?" என்றார் அவர்.

"இல்லங்க. ரூம் கெடைக்கல."

"போவட்டும் வுடு. நாமதான் எத்தினியோ வாட்டி ஏறிட்டமே."

எனக்கு அழுகை வந்தது. சண்டை போடத் தெம்பில்லை. அவர் காலை எடுத்து மடியில் வைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டேன்:

"மேல நின்னு பாத்தா என்னா தெரியும்?"

கண்ணை மூடிக்கொண்டார்.

"நம்ம லாட்ஜு தெரியும். பின்னால ஜன்னல் தெறந்து கெடக்கும்."

"ஜன்னல்ல யாரு நிக்கறாங்க?"

"யாருமில்ல" என்றார். "நீதான் எம்பக்கத்துல நிக்கறியே."