மடி ஏறிய பை

மகன் கார் வாங்கியிருக்கிறான். மத்திகிரியிலிருந்து ஓசூருக்கு, கண் காட்ட என்னைக் கூட்டிப்போனான். "பின்னாடி அவ்ளோ இடம் கிடக்குது, பையை எதுக்கும்மா மடியிலயே வெச்சிருக்க?" என்றான். எனக்கே அப்போதுதான் தெரிந்தது. பையிலிருந்து புளிச்சோற்று வாசம் வேறு. புதுக் கார் வாசத்தையே அது அடித்துவிட்டது. பாவம் பிள்ளை, ஜன்னல் கண்ணாடியை மட்டும் கொஞ்சம் இறக்கிவிட்டான்.

அந்த வாசம்தான் என்னைப் பழைய டவுன் பஸ்ஸில் ஏற்றிவிட்டது. அப்போது கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். பஸ்ஸில் நிற்கிறவர்கள் பையை உட்கார்ந்திருப்பவர் மடியில் கொடுத்துவிடுவோம். ஊர், பேர் கேட்பதில்லை. ஒருத்தி மடியில் நாலு டிபன் பை இருக்கும், கூடவே யாரோ பெற்ற குழந்தையும்.

ஒருநாள் என் ஸ்டாப் வந்துவிட்டது. பையோ ஜன்னலோரம், பேர் தெரியாத ஒருத்தி மடியில். நடுவில் ஆம்பளைக் கூட்டம். குரல் கொடுக்க வெட்கப்பட்டுப் பை இல்லாமலே இறங்கிவிட்டேன்! கேட்டில் காட்டும் கார்டு அதற்குள். சேர்ந்து ஒன்பதே நாள். வேலை போயிற்று என்றே நினைத்தேன். கேட்டுக்கு எதிரில் நின்று அழுதேன்.

அவள் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்தே வந்தாள். முனியம்மா, தெலுங்குக்காரி. "ஏமம்மா, நோரு லேதா? வாய் இல்லையா உனக்கு? உன்னால எனக்கும் லேட்டு!" என்று பையை என் கையில் திணித்தாள். திரும்பியவள், "சோறு வாசம் ஆளைக் கொல்லுது. நாளைக்கு எனக்கும் கொண்டா," என்றாள். சங்கு ஊதுமுன் உள்ளே ஓடிவிட்டேன். அதற்கப்புறம், வேலையை விடும்வரை, என் பை அவள் மடியைத் தவிர வேறு மடி ஏறவில்லை.

பஸ்ஸை ஒரேயடியாகத் தூக்கிவைத்துப் பேசவில்லை. காய்ச்சலில் கிடந்த மகனைத் தோளில் போட்டுக்கொண்டு, மழையில் வராத பஸ்ஸுக்கு நின்றதும் அதே ஸ்டாப்தான். அவனுக்கு அது மறக்கவில்லை போல. காரில் இடுப்பு நோகாமல் போய்வருகிறேன், சுகமாகத்தான் இருக்கிறது.

ஆனாலும் போன வாரம் ஆசைக்கு டவுன் பஸ் ஏறினேன். வயசைப் பார்த்து இடம் கொடுத்தார்கள். பக்கத்தில் கம்பெனிச் சட்டை போட்ட பெண் நின்றாள். வெட்கத்தை விட்டு, "பையைக் குடு கண்ணு, வெச்சிக்கிறேன்," என்றேன்.

"முதுகுல மாட்டியிருக்கேன் பாட்டி, பரவால்ல," என்று சிரித்தாள்.

எட்டிப் பார்த்தேன். நின்றவர்கள் எல்லார் பையும் முதுகில். பஸ் முழுக்க மடிகள் சும்மா இருந்தன.