வாளி சுமந்த இதயம்

எண்பதுகளில் ஈப்போ ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் அந்த டாக்டரம்மாவைப் பார்த்தேன். குள்ளமான உருவம், கையில் ஆண்கள் கட்டும் பெரிய கடிகாரம். ஸ்டெதாஸ்கோப்பை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்காமல் எந்தக் குழந்தையின் நெஞ்சிலும் வைக்கமாட்டார்.

பிறந்து ஒன்பது நாளான என் மகனுக்கு இதயத்திலிருந்து கிளம்பும் ரத்தக்குழாய் சுருங்கியிருந்தது. ரப்பர் தோட்டத்தில் எங்களுக்கு ஊசி போட்டால்தான் வைத்தியம்.

"இதயம் வேகமா அடிக்க இன்னும் பெரிய ஊசி போடுங்க லா!" என்று கத்தினேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. "அண்ணே, தோட்டத்துல என்ன வேலை?"

"மண்டோர். ஆளுங்கள வேலை வாங்குறவன்."

"தோள்ல காண்டாக் கம்பு வச்சு ரெண்டு பக்கமும் வாளி நெறைய ரப்பர் பால் சுமந்து வர்றவன ஓடு ஓடுன்னு கத்துனா ஓடுவானா?"

"கொஞ்ச தூரம் ஓடுவான். அப்புறம் காதுலயே ஏறாது."

"இந்த இதயமும் அப்படித்தான். அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளி, 'வேகமா அடி'ன்னு சொல்ற ஹார்மோன வாங்குற ஏற்பிகளே கொறஞ்சு போயிருக்கும். ஊசியும் அதையேதான் கத்தும். மொதல்ல சுமைய இறக்கணும்."

கோலாலம்பூருக்கு அனுப்பி வைத்தார். அங்கே அறுவை சிகிச்சை செய்து குழாயின் சுருக்கத்தை நீக்கினார்கள், மகன் பிழைத்தான்.

அன்று அவர் குழந்தையைப் பற்றி மட்டும்தான் பேசினாரா என்று எனக்கு இன்னும் தெரியாது. வேலைக்குத் திரும்பிய நாளில், பால் சுமந்து வந்த ஒருவனைப் பார்த்து வழக்கம்போல் கத்த வாயெடுத்தேன். "கொஞ்சம் இறக்கி வச்சிட்டு வாடா" என்றுதான் வந்தது.