குதிரையை விட்டு இறங்காதவன்

முதல் உலகப் போரில் பெரிய பேர் வாங்கிய ஜெர்மானியப் போர் விமானி ஒருவனைப் பற்றிய தடித்த ஆங்கிலப் புத்தகம் பல மாதமாக என் கட்டில் தலைமாட்டில் கிடக்கிறது. நான் இன்னும் அவனை விமானத்தில் ஏறவிடவில்லை. படிக்கத் தெரியாமல் இல்லை. உடுமலைப்பேட்டையில் அரசுப் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அவன் குதிரைப்படை அதிகாரியாக இருந்த பக்கங்களை மட்டும் திரும்பத் திரும்பப் படிப்பேன். குதிரையை விட்டு இறங்குகிற இடம் வந்ததும் மூடிவைத்துவிடுவேன்.

புத்தகத்தைக் கொடுத்தவள் என் மகள். ஒரே பிள்ளை. ராணுவத்தில் அதிகாரி. வடக்கே ஒரு மலையடிவாரத்தில், பட்டாளத்துக்கு அரிசி பருப்பு அனுப்புகிற கிடங்கைப் பார்த்துக்கொள்கிறாள். அவளுக்கு ஹெலிகாப்டர் ஓட்டப் போக வேண்டும் என்று ஆசை. அவள் அப்பா இறந்த வருஷம், "உங்களக் கேக்காம ஆபத்தான வேலைக்குப் போக மாட்டனுங்கம்மா" என்று எனக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். அந்த வாக்கைத்தான் இப்போது என்னிடம் திருப்பிக் கேட்கிறாள். போன லீவு முடிந்து கிளம்பும்போது பஸ் ஸ்டாண்டில் புத்தகத்தை என் கையில் திணித்தாள்.

"இவனும் என்னையாட்டத்தானுங்கம்மா. படிச்சுப்போட்டுச் சொல்லுங்க."

அவன் எப்படிச் செத்தான் என்பதை அட்டையின் பின்பக்கத்திலேயே போட்டுத் தொலைத்திருந்தார்கள். ஆகாயத்தில், குண்டு பாய்ந்து, இருபத்தைந்து வயதில். என் மகளைவிடச் சின்னவன். இதைக் கொடுத்தா அம்மாவைச் சம்மதிக்கவைக்கப் பார்ப்பாள் ஒருத்தி?

ஆனால் குதிரைப்படையில் இருந்தவனை எனக்குப் பிடித்துப்போயிற்று. போர் ஆரம்பித்தபோது எல்லைக்கு அப்பால் ஒரு கிராமத்தில் சில ஆட்களோடு போய் இறங்கினான். கோயில் மணிக்கூண்டில் ஏறி எதிரி வருகிறானா என்று பார்த்தான். இன்னொரு நாள் காட்டுப் பாதையில் மரத்தை வெட்டிப்போட்டு வழிமறித்துச் சுட்டார்கள். கூட வந்தவர்களைப் பறிகொடுத்துத் தப்பித்தான். அதற்குப் பிறகு குதிரைக்கு வேலை இல்லாமல் போயிற்று. முள்கம்பிக்கும் இயந்திரத் துப்பாக்கிக்கும் முன்னால் குதிரை என்ன செய்யும்? பதுங்குகுழியில் உட்கார்ந்தான், போன் கம்பி பார்த்தான். பொழுது போகாமல் காட்டுப்பன்றி சுட்டானாம். எங்கள் தென்னந்தோப்புக்கு வந்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்; போன மாதம்கூட இளங்கன்றுகளைப் பன்றிதான் தோண்டித் தள்ளியது. தலைக்கு மேல் போகிற விமானம் தங்களுடையதா எதிரியுடையதா என்றுகூட அப்போது அவனுக்குத் தெரியாதாம். எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும். அப்படியே இருந்திருக்கலாம், கடங்காரன்.

கடைசியில் அவனைச் சாமான் சப்ளை வேலையில் போட்டார்கள். பொறுக்காமல், விமானப் பிரிவுக்கு மாற்றுங்கள் என்று கேட்டான். அந்தப் பக்கத்தில்தான் நான் அடையாளத்துக்குப் பேருந்துச் சீட்டு ஒன்றைச் செருகிவைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் கூப்பிடுவாள். "எது வரைக்கும் படிச்சிருக்கீங்க?" என்பாள். "இன்னும் குதிரைமேலதான் கண்ணு இருக்கறான்" என்பேன். முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பதை விட்டுவிட்டாள். இன்றைக்கு என்ன வேலை என்று கேட்டால், "பருப்பு வந்துச்சுங்கம்மா, எறக்குனோம்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வாள். ஒரே ஒரு தடவை, மேலே மலை முகாமுக்கு மருந்து கொண்டுபோன ஹெலிகாப்டரில் அவளையும் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அன்றைக்கு மூச்சு விடாமல் பேசினாள். பள்ளத்தாக்கு, காற்று, பனி என்று என்னென்னவோ. நான் ம் கொட்டிக்கொண்டே, எப்போது கீழே இறங்கினோம் என்று சொல்லுவாள் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

போனை வைத்தால் வீடு அப்படியே அடங்கிவிடும். தோப்புக்கு நடுவில் வீடு. மனுஷக் குரல் கேட்கட்டும் என்று டிவியைப் போட்டுவிட்டு அடுப்படியில் நிற்பேன். ஒரு டம்ளர் அரிசி போட்டால் எனக்கு இரண்டு வேளைக்கு வரும். தனிமை பழகிவிடும் என்று சொல்கிறவர்கள் யாரும் தனியாக இருந்ததில்லை என்றுதான் நினைக்கிறேன்.

விண்ணப்பம் அனுப்பும் கெடு நெருங்கியதும் அவள் நேராகவே கேட்டாள். "குலசாமிகிட்டப் பூக் கேட்டுப்போட்டுச் சொல்றேன்" என்றேன். எங்கள் பக்கத்தில் கிணறு வெட்டவும் பெண் எடுக்கவும் பூக் கேட்காமல் நகர மாட்டார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி காலடியில் வைப்பார்கள். பூசாரி ஒன்றை எடுத்துக் கொடுப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. மகளுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும், "சரிங்கம்மா. சாமி வேண்டாம்னா நானும் கேக்க மாட்டேன்" என்றாள்.

பல்லடத்துக்குப் பக்கத்தில் எங்கள் குலதெய்வக் கோயில். வெள்ளிக்கிழமை காலையில் பஸ் ஏறிப் போனேன். நந்தியாவட்டையும் செவ்வரளியும் நானே தோட்டத்தில் பறித்தது. பொட்டலத்தை வாங்கிக்கொண்ட பூசாரி, "தோப்புல தண்ணிக்குப் போர் போடறதுக்குங்களா, டீச்சரம்மா?" என்றார்.

"இல்லீங்க. புள்ள விசயம்."

பெண்பிள்ளை விஷயம் என்றால் எங்கள் ஊரில் ஒரே விஷயம்தான். கற்பூரம் காட்டி, கண்ணை மூடி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பிரித்தேன். செவ்வரளி.

"இந்த மாப்பிள்ள வேண்டாமுங்க. வேற எடம் பாக்கலாமுங்க" என்றார் பாவம்.

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. முதலில் சந்தோஷம்தான், ஏன் பொய் சொல்ல வேண்டும்? என் பிள்ளை தரையிலேயே இருப்பாள். சாமியே சொல்லிவிட்டது, என்மேல் பழி இல்லை. பூவை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

தாராபுரம் ரோட்டைத் தாண்டுவதற்குள் அந்தச் சந்தோஷம் வடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நான் சொல்லுவேன், அவள் "சரிங்கம்மா" என்பாள். அழ மாட்டாள், சண்டை போட மாட்டாள். அப்பா போனபோதும் அப்படித்தான் எல்லாவற்றுக்கும் "சரிங்கம்மா" என்றாள். அதற்கப்புறம் வாராவாரம் பருப்பு வந்துச்சுங்கம்மா, எறக்குனோம். வாழ்க்கை பூராவும் அந்தக் குரலை நான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். புத்தகத்தில் சப்ளை வேலையில் கிடந்து வெந்துபோன அந்தப் பையன் ஞாபகத்துக்கு வந்தான். இத்தனை மாதம் அவனைக் குதிரையில் உட்காரவைத்து அழகு பார்த்தவள் நான்தான். அவனுக்கு அது பிடித்திருந்ததா என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. இன்னொன்றும் தோன்றியது. அவள் கிடங்கில் இருந்தாலும் ஆகாயத்தில் இருந்தாலும் என் வீட்டில் ஒரு டம்ளர் அரிசிதான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டாள். சுற்றி வளைத்து வெயில், மழை, தேங்காய் விலை எல்லாம் விசாரித்தாள். பிறகு மெதுவாக, "பூக் கேட்டீங்களாம்மா?" என்றாள்.

"கேட்டேன்."

"என்னங்கம்மா வந்துச்சு?"

"வெள்ளைதான் கண்ணு."

"நெசமாலுமேங்களா?" என்றாள்.

"சாமி காரியத்துல பொய் சொல்லுவாங்களா அம்மணி?" என்றேன். "அப்பறம், அந்தப் பையனும் குதிரைய உட்டு எறங்கீட்டான்."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். பயிற்சி எங்கே, எத்தனை மாதம் என்று என்னென்னவோ சொன்னாள். அந்த ஹெலிகாப்டர் நாளில் பேசியதுபோலவே பேசினாள். நான் ம் கொட்டினேன்.

போனை வைத்ததும் டிவியைப் போடவில்லை. பீரோவில் வைத்திருந்த செவ்வரளியை எடுத்துவந்தேன், வதங்கிச் சுருண்டிருந்தது. சாமி படத்துக்கு முன்னால் வைத்து, பொய் சொன்னது நான், அவளுக்கு ஒன்றும் தெரியாது, எது செய்வதானாலும் என்னைச் செய் என்று சொல்லிவிட்டு வந்து படுத்தேன்.