அப்பா தட்டுறாரு

பெரும்பாலான மத்தியானங்களில் எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடிகள் ஒருமுறை அதிரும். அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக்கொள்ளும். சுரங்கத்தில் பாறையை உடைக்க வெடி வைக்கிறார்கள் என்பது நெய்வேலியில் எல்லோருக்கும் தெரியும், அதனால் யாரும் தலை நிமிர்வதில்லை. கல்யாணமாகி இந்தக் குவார்ட்டர்ஸுக்கு வந்த முதல் வாரம் நான் சாப்பாட்டை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். என் கணவர் சோற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. “உக்காரு, வெடிதான்,” என்றார். அதற்குப் பிறகு நான் ஓடியதில்லை.

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அந்த அதிர்வுக்கு வீறிட்டு அழுவாள். என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியாமல் ஒருநாள், “ஒண்ணுமில்லடா தங்கம், அப்பா தட்டுறாரு,” என்றேன். அவர் சுரங்கத்தில் மின்சாரப் பிரிவில் இருக்கிறார், வெடிக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அவள் அழுகையை நிறுத்தினாள். பேச்சு வந்ததும் அவளே அதைச் சொல்ல ஆரம்பித்தாள். கண்ணாடி அதிர்ந்ததும் தரையில் உட்கார்ந்து உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவாள். அப்பாவுக்குப் பதில். அவர் வீட்டில் இருக்கும் நாளில் அதிர்ந்தால் என்ன செய்வாள் என்று பார்த்தோம். “இன்னிக்கு ரிலீவர் மாமா தட்டுறாரு,” என்றாள். ஷிப்டும், அப்பாவுக்குப் பதில் வேலைக்கு வரும் ரிலீவரும் தெரிந்த யூகேஜி குழந்தை. பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தோம்.

பாங்காக் போகலாம் என்றது அவர்தான். சென்னையிலிருந்து நேராக விமானம், நாலு நாள், மேலே ஓடும் ரயிலில் ஏறி ஊரைச் சுற்றிவிட்டு வந்துவிடலாம். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆசைப்பட்ட அன்றே பயமும் சேர்ந்துகொண்டது. மகளுக்குத் தண்ணீர் ஒத்துக்கொள்ளுமா, தயிர்ச்சாதம் தவிர எதையும் தொடாதவள் அங்கே எதைச் சாப்பிடுவாள், கூட்டத்தில் என் கையை விட்டுவிட்டால் யாரிடம் எந்த மொழியில் கேட்பாள் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். காடாம்புலியூரிலிருந்து அம்மா போனில், “கொழந்தய வச்சிகினு அவ்ளோ தூரம் இன்னாத்துக்குடி? தோ இருக்குது பாண்டிச்சேரி, கடலப் பாத்துகினு வர வேண்டியதுதான?” என்றாள். “அம்மா, எல்லாரும் போறாங்கம்மா,” என்றேன். சொல்லும்போதே எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

அவர் ஒரு ஹோட்டலைப் பிடித்திருந்தார். இருபத்தேழாவது மாடியில் அறை, மொட்டை மாடியில் நீச்சல் குளம். மகள் அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து குளிக்கும் பக்கெட்டுக்குள் தலையை விட்டு நீச்சல் பழகினாள். நான் அந்தக் குளத்தின் ஆழத்தைத் தெரிந்துகொள்ளத்தான் போனில் தேடினேன். கிடைத்தது வேறு. எங்கோ தொலைவில் பூமி நடுங்கியபோது பாங்காக்கில் எடுத்த காணொளி. உயரமான ஒரு கட்டடத்தின் உச்சியிலிருந்து குளத்துத் தண்ணீர், சாய்த்த அண்டாவிலிருந்து விழுவதுபோல, தெருவில் கொட்டுகிறது. கீழே ஆட்கள் தலையில் கையை வைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். சின்னக் குழந்தைகள்கூட ஓடுகிறார்கள்.

என் மகள் ஓடமாட்டாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

கண்ணாடி அதிரும். அலமாரி ஆடும். அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தரையைத் தட்டிவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன். “பாங்காக்ல ரூம் ஆடுச்சுன்னா நீ என்ன பண்ணுவ?”

“தட்டுவேன்.”

“அப்பாதான் நம்ம கூடவே இருப்பாரே?”

“அந்த ஊரு ரிலீவர் மாமா தட்டுவாரும்மா.” இதுகூடத் தெரியாதா என்பதுபோல் பார்த்தாள்.

“அங்க மைன்ஸே இல்லடா. யாரும் தட்ட மாட்டாங்க.”

அவள் கையிலிருந்த பிஸ்கட்டைக் கடிக்காமல் நிமிர்ந்தாள். “அப்ப ஏன் ஆடும்?”

பிஸ்கட் டப்பாவை மூடி அலமாரியில் வைத்தேன்.

ராத்திரி சாப்பாட்டின்போது அவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். “நாலு நாள் போறோம். அந்த நாலு நாள் பாத்து பூமி ஆடணும்னு ஏதாவது வேண்டுதலா?”

“ஆடாதுங்க. ஆடுச்சுன்னா?”

“வெடிக்கு அவளப் பழக்கினதே நீதான். இப்ப நீயே பயமுறுத்தப் போறியா?”

அது நியாயம்தான். பயமில்லாத பிள்ளையாக வளர்த்திருக்கிறேன் என்று பெருமைப்பட்டவள் நான். ஆனாலும் மறுநாளிலிருந்து விளையாட்டு என்று சொல்லிப் பழக்க ஆரம்பித்தேன். ஆடினால் மேசைக்கு அடியில் போகணும். தலையை இரண்டு கையாலும் மூடிக்கணும். அம்மா சொல்லும்வரை வெளியே வரக்கூடாது. அவள் சீக்கிரம் கற்றுக்கொண்டாள், நான் நினைத்ததைவிடச் சீக்கிரம்.

ஒருநாள் வெடி வந்தபோது சாப்பாட்டு மேசைக்கு அடியில் புகுந்தவள், நான் போதும் என்று சொன்ன பிறகும் வெளியே வரவில்லை. “அம்மா, நம்ம வீட்டையும் யாரும் தட்டலயா?” என்றாள். “தட்டுறாங்கடா, இங்க தட்டுறாங்க,” என்றேன். நம்பாத முகத்தோடு அங்கேயே இருந்தாள். அவர் ஷிப்ட் முடிந்து வந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமலே குனிந்து கூப்பிட்ட பிறகுதான் வந்தாள். வந்ததும் அவர் கையைப் பிடித்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். தட்டிய கையா என்று பார்த்தாளோ என்னவோ. அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்றிரவே அந்த ஹோட்டலை ரத்து செய்துவிட்டு, ஒரு கால்வாய்க் கரையில் மூன்றே மாடி உள்ள விடுதியைப் பிடித்தார். குளம் கிடையாது. மகள் அதற்காக அழவில்லை. “அங்க மேசை இருக்குமா?” என்று மட்டும் கேட்டாள். அதன் பிறகு அவள் தரையைத் தட்டி நான் பார்க்கவில்லை. மத்தியானம் நெருங்கினால் பொம்மைகளை எடுத்துக்கொண்டு மேசைப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்துகொள்வாள். கண்ணாடிகள் சும்மா இருக்கும்போதே அவற்றைப் பார்ப்பாள். பாங்காக்கில் அவளைக் காப்பாற்றுகிறேன் என்று இந்த வீட்டை அவளிடமிருந்து பிடுங்கிவிட்டேனா என்று கேட்டுக்கொள்வேன். உடனே அந்தக் காணொளித் தண்ணீர் கண்ணில் கொட்டும், செய்தது சரிதான் என்று தோன்றும். பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் மறுபடி சந்தேகம்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். ஊறுகாய் பாட்டிலை எந்தத் துணிக்குள் சுற்றுவது, அம்மா கொடுத்தனுப்பிய முந்திரியைக் கையோடு எடுத்துப்போக விடுவார்களா என்பதுதான் அப்போது என் கவலை. காய்ச்சல் மருந்தை மேலே வைத்தேன், அடியில் வைத்தேன், மறுபடி எடுத்து மேலே வைத்தேன். அவர் ஷிப்டில் இருந்தார், லீவுக்கு முந்தைய கடைசி நாள். மகள் கூடத்தில் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

“அம்மா.”

“ம்.”

“அம்மா!”

நிமிர்ந்தேன். வரைந்துகொண்டிருந்த இடத்தில் அவளைக் காணவில்லை. கிரேயான் ஒன்று தரையில் உருண்டுகொண்டிருந்தது. மேசைக்கு அடியில் முழங்காலை மடக்கி, சொல்லிக்கொடுத்த மாதிரியே இரண்டு கையாலும் தலையை மூடி உட்கார்ந்திருந்தாள். முழங்கை இடுக்கு வழியாக என்னையே பார்த்தாள்.

“ஆடுதுல்ல? நீ ஏன் வரல?”

அப்போதுதான் எனக்குக் கேட்டது. அலமாரியில் டம்ளர்கள் உரசிக்கொண்டிருந்தன, ஜன்னல் அதிர்ந்துகொண்டிருந்தது. மருந்து பாட்டில் மறுபடி என் கையில் இருந்தது.

கண்ணாடிகள் ஓய்ந்த பிறகுதான் எழுந்தேன். அவள் நகர்ந்து இடம் விட்டாள். குனிந்து மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தேன். என் கைகள் மடியிலேயே கிடந்ததைப் பார்த்து, அவளே அவற்றை எடுத்து ஒவ்வொன்றாக என் தலைமேல் வைத்தாள்.