ஏப்ரலில் அடித்தவன்

அந்த ஏப்ரலில் ட்ரென்ட் கோவாச்சின் மட்டையில் பட்டதெல்லாம் அடியாக விழுந்தது. ஏரிக் காற்று கையுறைக்குள் புகுந்து விரல்களை மரத்துப்போகச் செய்யும் பருவம் அது. ஹார்லோவின் பேஸ்பால் மைதானத்தில் பாதி இருக்கைகள் காலியாகக் கிடக்கும். வந்தவர்களும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, காபிக் குவளையைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் குளிரில் பந்து மட்டையில் சரியாகப் படாவிட்டால் முழங்கை வரை குடையும். மற்றவர்கள் குடைச்சலோடு திரும்பி வந்துகொண்டிருந்தபோது, கோவாச் மட்டும் பந்தைச் சுவரிலும் சுவருக்கு அப்பாலும் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டிருந்தான்.

அவனுக்கு முப்பத்திரண்டு வயது. ஹார்லோ அணியில் அவனைவிட மூத்தவர்கள் பயிற்சியாளர் ஸ்ட்ராப்பும் பேருந்து ஓட்டுநரும்தான். அது காத்திருப்பவர்களின் அணி. பெருநகரத்தில் இருக்கும் மேல் அணிக்கு ஆள் தேவைப்படும்போது இங்கிருந்து ஒருவனை எடுத்துக்கொள்வார்கள். மேலே ஒரே ஒரு நாள் ஆடினாலும் போதும், சாகும்வரை அவன் மேலே ஆடியவன். கோவாச் பதினோரு வருடமாக இப்படிப்பட்ட ஊர்களில் ஆடி வந்தான். அந்த ஒரு நாள் அவனுக்குக் கிடைக்கவில்லை. குளிர்காலங்களில் கிடங்கில் பெட்டி ஏற்றினான், கிறிஸ்துமஸ் மரம் விற்றான். மனைவி ஜனெல் பல் மருத்துவமனையில் வேலை பார்த்ததால்தான் வீடு நின்றது. இந்தப் பருவம்தான் கடைசி என்று இருவரும் பிப்ரவரியில் சமையலறையில் நின்றபடியே பேசி முடித்திருந்தார்கள். ஜனெலின் அண்ணன் தன் காப்பீட்டு அலுவலகத்தில் அவனுக்காக ஒரு நாற்காலியைக் காலியாக வைத்திருந்தான்.

உள்ளூர்ச் செய்தித்தாளில் ஒருவர் வருடாவருடம் ஏப்ரல் நடுவில் தன் முதல் அபிப்பிராயங்களை ஒரு பக்கத்துக்கு எழுதுவார். எந்த அணி தேறும், எவன் தேறமாட்டான் என்பதெல்லாம் அதில் இருக்கும். இந்த வருடம் பாதிப் பக்கத்தைக் கேடன் ப்ரூவர் எடுத்துக்கொண்டான். இருபத்தொரு வயதுப் பையன், மேல் அணி பெரும் பணம் கொட்டி எடுத்தவன். அதுவரை அவன் உருப்படியாக எதையும் அடிக்கவில்லை. ஆனால் அவன் மணிக்கட்டு சுழலும் வேகத்தில் எதிர்காலம் தெரிகிறது, பருவம் இப்போதுதானே தொடங்கியிருக்கிறது என்று எழுதியிருந்தார். கோவாச்சுக்குக் கடைசி வரி: 'இனிய ஆச்சரியம், ஆனாலும் இது ஏப்ரல்தானே.'

அதை உடைமாற்றும் அறையில் உரக்கப் படித்தவன் எலியேசர். டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்தவன், அணியின் பந்து பிடிப்பவன், வாய் ஓயாதவன்.

"தாத்தா, உன்னைப் பேப்பர்ல போட்டிருக்கான்! இனிய ஆச்சரியமாம். எங்க ஊர்ல மாமியார் வரேன்னு சொல்லிட்டு வராமப் போனாத்தான் அப்படிச் சொல்லுவோம்."

"அவன் அடிக்கலைன்னா ஏப்ரல்தானேங்கறான். நான் அடிச்சாலும் ஏப்ரல்தானேங்கறான்" என்றான் கோவாச். "அப்ப எல்லாத்தையும் மே மாசமே ஆரம்பிக்க வேண்டியதுதானே?"

"மே மாசம் நீ இருப்பியா தாத்தா?"

எல்லோரும் சிரித்தார்கள். ப்ரூவர் மட்டும் காது சிவக்கக் குனிந்து காலணியைக் கட்டினான். கோவாச்சும் சிரித்தான். உள்ளே எரிந்தது. சின்னவன் அடித்தால் திறமை, தவறவிட்டால் குளிர். பெரியவன் அடித்தால் அதிர்ஷ்டம், தவறவிட்டால் வயது. இதை எந்தப் பேப்பர்காரனும் எழுதப்போவதில்லை என்பது அவனுக்குத் தெரியும்.

மறுநாள் காலை அந்த அறையின் தொலைக்காட்சியில் மேல் அணியின் முந்தைய நாள் ஆட்டத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். இடது மூலையில் நிற்கும் அவர்களுடைய நட்சத்திரம் பந்தைத் துரத்தி ஓடி, சுடப்பட்டவன்போல் தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். கோவாச் ஆடும் அதே இடம். அறையில் இருந்த அத்தனை பேரும் அவனைப் பார்த்தார்கள். பார்த்த கையோடு கண்ணைத் திருப்பிக்கொண்டார்கள். இப்படிப்பட்ட நேரத்தில் யாரும் எதுவும் சொல்லக் கூடாது. சொன்னால் நடக்காது.

அன்று மத்தியான ஆட்டம். முதல் முறை மட்டை பிடித்தபோதே கோவாச் பந்தை வலப்புறச் சுவரில் அடித்தான். ஒன்பதில் ஐந்தாவது இன்னிங்ஸில் இடது மூலையில் நின்று கைகளுக்குள் ஊதிக்கொண்டிருந்தபோது, பெஞ்சுக்குப் பின்னால் இருந்த தொலைபேசியை ஸ்ட்ராப் எடுப்பதைப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் ஒரு மாற்று ஆள் அவனை நோக்கி ஓடிவந்தான். வரும்போதே அவன் முகமெல்லாம் பல்.

இந்த ஆட்டத்தில் வெளியே எடுக்கப்பட்டவன் அன்றைக்குத் திரும்ப உள்ளே போக முடியாது. அதனால் நன்றாக ஆடிக்கொண்டிருப்பவனை, அடிபடாதவனை, நடுவில் எடுக்கிறார்கள் என்றால் காத்திருப்பவர்களின் அணியில் அதற்கு ஒரே அர்த்தம்தான். மேலே கூப்பிட்டுவிட்டார்கள். வண்டி ஏறுவதற்குள் கால் பிசகிவிடக் கூடாதென்று பத்திரமாக எடுத்து வைக்கிறார்கள். கோவாச் பதினோரு வருடத்தில் எத்தனையோ பேரை அப்படி அணைத்து வழியனுப்பியிருக்கிறான். அந்த நடை எப்படி இருக்கும் என்று மட்டும் அவனுக்குத் தெரியாமல் இருந்தது. கால் தரையில் பாவவில்லை.

படியில் இறங்குவதற்குள் எலியேசர் அவனைத் தூக்கிவிட்டான்.

"தாத்தா! யோவ் தாத்தா! போறியாய்யா!"

"இறக்குடா, முதுகு பிடிச்சுக்கும்."

"பிடிக்கட்டும், மேல நல்ல டாக்டர் இருப்பான்!"

ஒவ்வொருவராக வந்து அணைத்தார்கள். பந்துவீச்சாளர்கள் தலையில் தட்டினார்கள். உள்ளூர்க் கேமரா திரும்பியது. நடப்பதைப் புரிந்துகொண்ட கூட்டம் கம்பளியை உதறிவிட்டு எழுந்து நின்று கைதட்டியது. ஸ்ட்ராப்பும் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். "உள்ள போய் உட்காரு. மேலேருந்து திரும்ப ஃபோன் பண்றோம்னு சொல்லியிருக்காங்க" என்றார். அவர் கண்கூடக் கலங்கியிருந்தது.

மேலே போகிறவன் கீழே இருந்ததைச் சுமந்துகொண்டு போவதில்லை. அங்கே எல்லாம் புதிதாகக் கிடைக்கும். இருப்பதைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். கோவாச் அங்கேயே நின்று தன் மட்டைகளை எலியேசருக்குக் கொடுத்தான். குளிர்ச் சட்டையை மாற்று ஆளுக்கு என்றான். ப்ரூவர் பக்கம் திரும்பி, "என் காபி மிஷின் உனக்குடா பையா. காலையில ஒரு வாய் குடி, பந்து கொஞ்சம் கண்ணுக்குத் தெரியும்" என்றான். அந்த நேரத்தில் அவனிடம் யார்மீதும் கோபம் இல்லை.

உள்ளே போய் ஜனெலைத் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"ஜனெல், என்னை வெளிய எடுத்துட்டாங்க."

"அடிபட்டுடுச்சா?"

"இல்ல. நல்லா இருக்கும்போதே எடுத்துட்டாங்க."

அந்த வீட்டில் வாழ்ந்தவளுக்கு அதற்குமேல் சொல்லத் தேவையில்லை. அவள் வீறிட்டாள். யாரோ ஓடிவந்து என்ன என்று கேட்பதும், பிறகு பல்வலியோடு காத்திருந்தவர்கள் எல்லாம் கைதட்டுவதும் கேட்டது.

"நான் கிளம்பறேன். உங்கப்பாவையும் ஏத்திக்கிட்டு நேரா மேல வந்துடறோம்."

"இன்னும் யாரும் வாயால சொல்லல, ஜனெல்."

"இத்தனை வருஷத்துல உனக்கு யாரு எதை வாயால சொல்லியிருக்காங்க? குளிச்சிட்டு நல்ல சட்டையா போட்டுக்க."

குளித்தான். நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, காலி செய்த அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். சுவரில் இருந்த ஒலிபெருக்கியில் வர்ணனையாளர் கோவாச்சின் பொறுமையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். இறந்தவனைப் பற்றிப் பேசுவதுபோல் இருந்தது. நடுவில் ப்ரூவர் மட்டை பிடித்தான், மூன்று பந்தையும் தவறவிட்டு ஆட்டமிழந்து திரும்பினான். அடுத்த முறையும் அப்படியே. கோவாச்சுக்குப் பையன்மேல் பாவமாகக்கூட இருந்தது.

ஆட்டம் முடிந்ததும் ஸ்ட்ராப் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். உட்காரச் சொல்லவில்லை.

"ப்ரூவரைக் கேக்கறாங்க" என்றார்.

கோவாச்சுக்கு முதலில் விளங்கவில்லை. "அவனையுமா?"

"அவனைத்தான். மேல ஒரு லிஸ்ட் வெச்சிருக்காங்கல்ல, அதுல அவன் பேர் ஏற்கெனவே இருக்கு. உன்னைச் சேர்க்கணும்னா வேற ஒருத்தன் பேரை எடுக்கணும். அதுக்கு அவங்க தயாரா இல்ல."

"பின்ன என்னை எதுக்கு வெளிய எடுத்தீங்க?"

"கோவாச்சை எடுத்து வை, அடிபடாமப் பாத்துக்கன்னாங்க. நானும் உன்னை மாதிரிதான் புரிஞ்சுக்கிட்டேன். அங்க உட்கார்ந்து மத்தியானம் பூரா நீயா அவனான்னு பேசியிருக்காங்க."

"இன்னிக்கு அவன் அடிச்சதைப் பாத்தாங்களா?"

"பாத்தாங்க."

"நான் அடிச்சதை?"

ஸ்ட்ராப் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ட்ரென்ட், ஏப்ரல் மாசத்து அடியை வெச்சு முடிவெடுக்க மாட்டோம்னு சொல்றாங்க."

"அவன் அடிக்காததையும் வெச்சு எடுக்கலையாக்கும்."

"அவங்க சொன்னதைத்தான்யா சொல்றேன். நாளைக்கு நீதான் மூணாவது இறங்கறே."

"எதை வெச்சு இறங்கறது கோச்? மட்டையை எல்லாம் குடுத்துட்டேன்."

வெளியே வந்தான். ப்ரூவரை உள்ளே கூப்பிட்டார்கள். பையன் வெளியே வந்தபோது அவன் முகத்தைப் பார்த்தே அறைக்குப் புரிந்துவிட்டது. யாரும் அசையவில்லை. அன்றைக்கு வைத்திருந்த அணைப்பையெல்லாம் அவர்கள் ஏற்கெனவே செலவழித்துவிட்டிருந்தார்கள். இருபத்தொரு வயதுப் பையன் வாழ்க்கையில் ஒரே முறை வரும் நிமிடத்தில் திருடனைப்போல் நின்றுகொண்டிருந்தான்.

கோவாச்தான் முதலில் எழுந்தான். எழாவிட்டால் வேறு யாரும் எழமாட்டார்கள். போய் அணைத்துக்கொண்டான்.

"சாரி சார்" என்றான் ப்ரூவர். "அந்தக் காபி மிஷின்... அதை நீங்களே..."

"வெச்சுக்கடா."

"அங்க எல்லாம் இருக்கும்னு சொன்னாங்க சார்."

"ஆமா. எல்லாம் இருக்கும்."

பிறகு மற்றவர்கள் வந்தார்கள். இரண்டாவது தடவை கைதட்டுகிறவர்களின் சத்தமாகத்தான் இருந்தது அது. எலியேசர் மட்டைகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து கோவாச்சின் அலமாரியில் சாத்தினான். கடைசி மட்டையை வைத்துவிட்டு, "தாத்தா, ஒண்ணு சொல்லவா?" என்றான்.

"வேணாம்டா."

"சரி."

மைதானத்துக்குப் பின்னால் வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் போய் நின்றுகொண்டுதான் ஜனெலைத் திரும்பக் கூப்பிட்டான். அதற்குள் அவர்கள் நெடுஞ்சாலையில் பாதி வழி வந்திருந்தார்கள். அந்த அணைப்புக் காட்சி அத்தனை கைப்பேசிகளிலும் ஓடிக்கொண்டிருந்தது. பெட்ரோல் போடும் இடத்தில் முன்பின் தெரியாத ஒருவர்கூட வாழ்த்துச் சொன்னாராம். ஜனெல் அதைச் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்.

வண்டியின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"அப்ப வீட்டுக்கு வந்துடு" என்றாள் கடைசியில். "இன்னிக்கே வா. அண்ணன்கிட்ட நான் பேசிக்கறேன்."

"நாளைக்கு ஆட்டம் இருக்கு."

"ட்ரென்ட்."

"மூணாவது இறங்கறேன்."

"நீ இன்னும்..." அவள் முடிக்கவில்லை. "உங்கப்பாகிட்ட நீயே சொல்லு. என்னால முடியாது. நல்ல கோட்டு போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு."

கைப்பேசி கை மாறியது. அவன் அப்பா டயர் தொழிற்சாலையில் முக்கால் காதைத் தொலைத்தவர். எதையும் கத்தித்தான் பேசுவார்.

"டேய்! எந்த நம்பர் சட்டை குடுத்திருக்காங்க? அந்தக் கூட்டத்துல நான் எப்படி உன்னைக் கண்டுபிடிக்கறது?"

"அப்பா, வண்டியைத் திருப்பச் சொல்லுங்க."

"என்னது?"

"வண்டியைத் திருப்பச் சொல்லுங்கப்பா."

"ஏன், வீட்டுல எதையாவது விட்டுட்டு வந்துட்டமா?"