கைத்தடி இறங்காத மண்

மரம் வெட்டுவதை மேற்பார்வையிடும் அலுவலகம் ஒன்றில் முப்பது வருடம் மண்ணைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். பென்ஷன் அங்கிருந்துதான் வருகிறது. வெட்டி முடித்த சரிவுகளைப் பார்த்து அறிக்கை கொடுப்பது என் வேலை. மழையில் ஜீப் ஏறாது என்பதால் பிப்ரவரியில் போவோம். கட்டைகளை இழுத்துச் சென்ற தடத்தில் கைத்தடியை ஊன்றிப் பார்ப்போம். இறங்காவிட்டால், 'மண் உறுதி, அரிப்பு இல்லை.' மதியச் சாப்பாட்டுக்குள் ஒரு மலை முடிந்துவிடும்.

ஓய்வு பெற்றபின் இந்தத் தீவுகளிலேயே, பாம்பூஃப்ளாட்டில், வீடு கட்டினேன். பின்னாலிருக்கும் சரிவு என் கையெழுத்தால் உறுதியான மலைகளில் ஒன்று. பக்கத்து வீட்டில் என் வயதையொத்த ஓர் அம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டி, மகனோடு இங்கே வந்தவர். அவர் வீட்டுக் கிணற்றில்தான் எங்கள் வரிசையே குடிக்கிறது.

போன வருடம் சரிவில் மறுபடி வெட்டினார்கள். பழைய தடத்திலேயே புல்டோசர் இறங்கியது. ஜூன் மழையில் கிணறு சிவந்தது.

"ஐயா, தோட்டத்துல செடி நடுறதுக்கு முந்தியே குறுக்கால கான் வெட்டுவோம், வாய்க்கா மாதிரி, மழைத்தண்ணி மண்ண இழுத்துக்கிட்டுப் போயிராம. இவனுக மலையையே என் கெணத்துக்குள்ள கொண்டாந்து கொட்டுறானுக. நீங்க ஆபீசர்தானே, எழுதிக் குடுங்க."

எழுதினேன். பார்வை எண், இணைப்பு, நகல் யார் யாருக்கு என்று எல்லாம் சுத்தம். நான் பணியிலிருந்தபோது அப்படியொரு மனு வந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ, அதையே அவர்களும் செய்தார்கள். பிப்ரவரியில் வந்தார்கள்.

வந்த அதிகாரி என்னிடம் வேலை பழகியவர், வங்காளி. என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, கைத்தடியைத் தடத்தில் ஊன்றினார். அது டக்கென்று துள்ளியது.

"ஏக்தம் பக்கா ஹை, சார்," கல் மாதிரி உறுதி என்றார், நான் மெச்சுவேன் என்ற முகத்தோடு.

இந்தக் காட்டில் கறுப்பு மண் ஒரு சாண்தான் இருக்கும். இலை மக்கி மக்கிச் சேர்ந்தது. இழுபடும் கட்டைகள் அதை வழித்துக்கொண்டு போய்விட்டால் அடியில் இருப்பது சிவப்புக் களிமண். அதன்மேல் டன் கணக்கில் இரும்பு உருண்டால் செங்கல்தான். தண்ணீர் இறங்காது, வேர் இறங்காது, கைத்தடியும் இறங்காது. அந்தக் கடைசி ஒன்றை மட்டும் பார்த்து நற்சான்று கொடுத்து வந்திருக்கிறோம்.

அந்த அம்மாள் இரண்டு வாளித் தண்ணீரைத் தூக்கிவந்து தடத்தின் மேற்புறத்தில் ஊற்றினார். அது சிமெண்டுத் தரையில் ஓடுவதுபோல் ஓடி, ஓரத்து மண்ணை அள்ளிக்கொண்டு, கிணற்றடியில் சிவப்பாகத் தேங்கியது.

"இது மண்ணா தொரை, மாடிப்படியா?"

அதிகாரிக்குத் தமிழ் தெரியாது, கேள்வி புரிந்தது. உண்மையிலேயே வருத்தப்பட்டார். "சார், யெ பானி வாலா தோ ஃபார்ம் மே ஹை ஹி நஹி."

தண்ணீர் ஊற்றிப் பார்க்கப் படிவத்தில் இடமில்லைதான். படிவத்தைத் தயாரித்தவன் நான்.

ஜீப் போனதும் அந்த அம்மாள் கேட்டார், "குறுக்கால நாங்களே கான் வெட்டிக்கிறோம். அதுக்கும் பர்மிஷன் வேணுமாங்கய்யா?"

வேண்டும். எந்தப் பிரிவின் கீழ், எத்தனை நகல், யார் வந்து கைத்தடி ஊன்றுவார் என்பதுவரை எனக்குத் தெரியும்.

"வேண்டாம்மா," என்றேன். தெரிந்தே நான் சொன்ன முதல் பொய் அதுதான் என்று எழுத ஆசை. என்ன செய்வது, அறிக்கைகள் இருக்கின்றனவே.

மறுநாள் காலை அம்மாளும் மகனும் கடப்பாரையோடு ஏறினார்கள். எனக்கும் வீட்டில் உட்கார முடியவில்லை. போய் ஓர் ஓரத்தில் நின்று குத்தினேன். ஒவ்வொரு குத்துக்கும் கடப்பாரை உள்ளங்கை எரியத் திரும்பி வந்தது. மதியம்வரை மூன்று பேர் சேர்ந்து வெட்டிய ஆழம் நாலு விரற்கடை. மழைக்கு இன்னும் மூன்று மாதம்கூட இல்லை.

நான் எழுதியதில் பிழையில்லை. மண் உறுதி.