நடுவில் நின்றவள்

எங்கள் கம்பெனியில் வடநாட்டுப் பிள்ளைகளுக்கு எதையாவது இந்தியில் சொல்ல வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். "நீ சொன்னாத்தாம்மா கரெக்டா போய்ச் சேருது" என்பார் சூப்பர்வைசர். அதைக் கேட்கும்போதெல்லாம் கூசிப்போகிறேன்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து, கன்னடம் புழங்கும் எல்லையோர மத்திகிரிக்கு நாங்கள் குடிவந்தபோது அம்மாவுக்குக் கன்னடம் தெரியாது. பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தமிழ் வராது. அதற்காக அவர்கள் பேசாமல் இருக்கவில்லை. கையைக் காட்டி, கண்ணை உருட்டி, தேவைப்பட்டால் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டி, ஒரு வருடம் சிரித்தே ஓட்டினார்கள்.

தெருவில் விளையாடியே நான் கன்னடம் பிடித்துக்கொண்டதும் ஒருவர் பேச்சை மற்றவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. முதலில் கேட்டதை அப்படியே சொன்னேன். அக்காவின் ரசத்தை அம்மா கேலி செய்ததையும் சொல்லிவிட, அக்காவின் முகம் வாடிப்போனது. அதன்பிறகு கசப்பை விட்டு, இல்லாத இனிப்பைச் சேர்த்தேன். இரண்டு பேரும் என்னை மெச்சினார்கள். மற்ற வீடுகளிலும் கூப்பிட்டார்கள். என்னைப் பார்த்துத் தெருப் பிள்ளைகளும் கூட்டிக் குறைத்துச் சொல்லப் பழகின. சேர்ப்பதும் விடுவதும் என் இஷ்டம் என்ற திமிர் ஒன்பது வயதிலேயே எனக்கு வந்துவிட்டது.

மலைக்கோயில் தேரன்று அப்பாவுக்கு அபூர்வமாக லீவு கிடைத்தது. தேர் பார்க்கக் கிளம்பி, புதுப் பாவாடையோடு வாசலில் நின்றேன். ஆறு மாத வயிற்றோடு, கையில் ஒரு பையோடு அக்கா வந்தாள். வலியை வெளியே காட்டுகிறவள் இல்லை. காலையிலிருந்து வயிறு வலிக்கிறது, வீட்டுக்காரர் ஷிப்டில் இருக்கிறார், அம்மா ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வருவாரா என்று என்னிடம் கேட்டாள்.

"என்னட்டி சொல்லுதா?" என்றார் அம்மா.

"செக்கப்புக்குப் போறாங்களாம். சொல்லிட்டுப் போக வந்தாங்க."

"தொணைக்கு ஆள் இருக்கான்னு கேளு."

நான் அக்காவின் பக்கம் திரும்பினேன். "அம்மங்கெ பரக்காகல்லவந்தெ" என்றேன். அம்மாவால் வர முடியாதாம். அம்மாவிடம், அக்காவின் அம்மா துணைக்கு வந்திருக்கிறார் என்றேன்.

அம்மா மனம் நிறைந்து சிரித்து, அக்காவின் நெற்றியில் குங்குமம் வைத்து அனுப்பினார். வர முடியாது என்று சொன்னவரின் அந்தச் சிரிப்பை அக்கா சற்று நேரம் பார்த்துவிட்டுப் போனாள். நாங்கள் தேர் பார்த்தோம். நான் பஞ்சுமிட்டாய் தின்றேன்.

பிள்ளை தங்கவில்லை. அது என்னால் இல்லை என்று இன்று எனக்குத் தெரியும். ஆனால் அவள் தனியாக பஸ் ஏறிப்போனது என்னால்தான். அம்மா கஞ்சி கொண்டுபோனபோது அக்கா கதவைச் சாத்திக்கொண்டாள். "எம்மேல என்ன கோவம்னு கேளுட்டி" என்று அம்மா என்னிடம் அழுதார். நான் கதவைத் தட்டி, கன்னடத்தில் எதையோ முணுமுணுத்துவிட்டு, "தூங்குறாங்கம்மா" என்றேன்.

எழுபது வயதாகும் அம்மா இப்போதும் சில சமயம் அந்த அக்காவைப் பற்றிக் கேட்பார். நான் இன்னும் சொல்லவில்லை.

அன்று வாசலில் நான் நின்றிருக்காவிட்டால், அக்கா வயிற்றைத் தொட்டுக் காட்டி அம்மாவின் கையைப் பிடித்து இழுத்திருப்பாள். அம்மா அப்போதே செருப்பை மாட்டியிருப்பார். அது அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.